ரத்தம் அதிகமாவதும் ஒரு நோய்தானா? ஜாக்2 பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று எழுதியிருந்தேன். அதில் ஓரமாக ஒரு வரி 'ஜாக்2' என்று வந்தது. வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான். அதனால் இந்த முறை பகுதி முழுக்க அந்த ஒரு மரபணுதான்.

அப்பாவுக்கு வயது 61. வேறு எதற்கோ ரத்தம் எடுத்தபோது ஹீமோகுளோபின் 18.9 என்று வந்தது. நல்ல ரத்தம் என்று வீட்டில் சந்தோஷப்பட்டோம். டாக்டர் ஜாக்2 டெஸ்ட் எழுதினார், 'வி617எஃப் பாசிட்டிவ்' என்கிறது ரிப்போர்ட். இது புற்றுநோயா? எனக்கும் என் பிள்ளைகளுக்கும் வருமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுவாகத்தான் இருக்கும். ரிப்போர்ட்டில் இருக்கும் வி617எஃப் என்பது ஜாக்2 மரபணுவில் வந்த ஒரு மாற்றம். இந்த மாற்றம் அப்பாவின் பெற்றோரிடமிருந்து அவருக்கு வரவில்லை, அவரிடமிருந்து உங்களுக்கும் வரவில்லை. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ரத்த மூலச்செல்களில் ஏதோ ஒன்றில், என்றோ ஒரு நாள், டிஎன்ஏ எழுத்து ஒன்று மாறிப்போனது. அந்த ஒரு செல்லின் வாரிசுகளில் மட்டும்தான் அது இருக்கும். தோலிலோ மூளையிலோ விந்தணுவிலோ இருக்காது. இப்படி மாற்றம் உண்டாவதற்கான சாய்வு சில குடும்பங்களில் கொஞ்சம் தூக்கலாக இருப்பது உண்மை. நெருங்கிய உறவினர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிடச் சில மடங்கு அதிகம் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள், ஆனால் நோயே அரிது என்பதால் சில மடங்கு என்பதும் சின்ன எண்தான். பிள்ளைகளை வரிசையாக லேபுக்கு அழைத்துப்போக வேண்டாம்.

அடுத்து, புற்றுநோயா? உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் ஆமாம், சிவப்பணுக்கள் அளவுமீறிக் கூடும் இந்த நோய், பாலிசைத்தீமியா வேரா, ரத்தப் புற்றுநோய்களின் பட்டியலில்தான் இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் மனதில் வரும் படம் இந்த நோய்க்குப் பொருந்தாது. இது மெதுவான நோய், பெரும்பாலானவர்கள் பல வருடங்கள் இதோடு வாழ்கிறார்கள். உடனடி ஆபத்து ரத்தம் உறைவதில் இருக்கிறது. சிவப்பணுக்கள் கூடிப்போய் ரத்தம் கெட்டியாகிறது, கூடவே பிளேட்லெட்டும் வெள்ளையணுக்களும் துடிப்பாகிவிடுகின்றன, எங்கேயாவது ரத்தக்கட்டி அடைத்தால் மாரடைப்பு, பக்கவாதம், சில சமயம் கல்லீரல் ரத்தக்குழாய் அடைப்பு. அதனால்தான் முதல் வேலையாக ரத்தத்தை ஊசி போட்டு வெளியே எடுத்து, ஹீமடோகிரிட்டை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் பங்கை, 45 சதவீதத்துக்குக் கீழே வைக்கிறார்கள். அந்த 45 சும்மா வைத்த எண் கிடையாது. 2013இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், 45க்குக் கீழே வைக்கப்பட்டவர்களைவிட 45க்கும் 50க்கும் இடையே விடப்பட்டவர்களுக்கு இதயநோய் மரணமும் பெரிய ரத்த உறைவும் ஏறக்குறைய நான்கு மடங்கு நடந்தன. கூடவே குறைந்த அளவு ஆஸ்பிரின், வேறு காரணத்தால் அது கூடாது என்றால் தவிர.

ஒன்று மட்டும் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், குளித்து முடித்ததும் உடம்பெல்லாம் அரிக்கிறதா என்று. இந்த நோய்க்காரர்களில் பலர் அதைச் சொல்வதே இல்லை, சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று வருஷக்கணக்கில் சோப்பை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

நான் கல்லூரி மாணவி. பாடப்புத்தகத்தில் ஜாக்-ஸ்டாட் பாதை என்று அம்புக்குறிகளாக இருக்கிறது. மனப்பாடம் செய்துவிட்டேன், ஒன்றும் புரியவில்லை. செல்லுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

அம்புக்குறியை மறந்துவிட்டு சிவப்பணுவிலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் மஜ்ஜை ஒவ்வொரு வினாடியும் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்துகொண்டிருக்கிறது, ஏனென்றால் ஒரு சிவப்பணுவின் ஆயுள் 120 நாள்தான். எவ்வளவு செய்வது என்று மஜ்ஜையாகத் தீர்மானிப்பதில்லை. சிறுநீரகம் தனக்கு வரும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவதை உணர்ந்தால் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. அது மஜ்ஜைக்கு வந்து, சிவப்பணுவாகப்போகிற இளம் செல்லின் மேல்புறத்தில் இருக்கும் ஏற்பியில் ஒட்டுகிறது.

சிக்கல் இங்கேதான். அந்த ஏற்பிக்கு வெளியே கை இருக்கிறது, உள்ளே வால் இருக்கிறது, ஆனால் சொந்தமாக எந்த வேதிவினையும் செய்யத் தெரியாது. இன்சுலின் ஏற்பியைப் போல அதற்கென்று கைனேஸ் வேலை (அது என்ன என்று இதோ சொல்கிறேன்) கிடையாது. ஆகவே வெளியே ஹார்மோன் வந்து ஒட்டிய செய்தியை உள்ளே யாராவது வாங்கியாக வேண்டும். அந்த ஆள் ஜாக்2. ஏற்பியின் வாலில், செல்லுக்கு உள்பக்கமாக, எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கும் 1132 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதம். அதைச் செய்வதற்கான மரபணு 9ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது.

கைனேஸ் என்றால் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி இன்னொரு புரதத்தின் மேல் மாட்டிவிடும் நொதி. அவ்வளவுதான் அதன் தொழில். மனித மரபணுத்தொகுதியில் இப்படி 500க்கும் மேல் கைனேஸ்கள் இருக்கின்றன, அதில் 90 போல டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் மட்டும் மாட்டுபவை, ஜாக்2 அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. கேட்க அற்பமாக இருக்கும், ஒரு பாஸ்பேட் மாட்டுவதில் என்ன வந்தது என்று. ஆனால் பாஸ்பேட்டில் வலுவான எதிர்மின்னூட்டம் இருக்கிறது. அது ஏறியதும் புரதத்தின் வடிவம் மாறும், அல்லது அதுவரை ஒட்டாத இன்னொரு புரதம் வந்து ஒட்டும். செல்லுக்குள் செய்தி என்பதே பெரும்பாலும் இப்படி யார் யாரோடு ஒட்டுகிறார்கள் என்பதுதான்.

சரி, ஹார்மோன் ஒட்டியதும் இரண்டு ஏற்பிகளின் வால்கள் சரியான நிலைக்கு நெருங்குகின்றன. இரண்டு வால்களிலும் ஆளுக்கொரு ஜாக்2. ஒன்றன் மேல் மற்றொன்று பாஸ்பேட்டை மாட்டுகிறது, 1007, 1008 ஆகிய இடங்களில் இருக்கும் டைரோசின்களில். இப்போது இரண்டும் முழு விழிப்பு. அடுத்து ஏற்பியின் வாலிலேயே பல டைரோசின்களில் பாஸ்பேட் ஏறுகிறது. அந்த பாஸ்பேட்டுகளைத் தேடி ஸ்டாட்5 என்ற புரதம் வந்து உட்காருகிறது, ஜாக்2 அதன் மேலும் ஒரு பாஸ்பேட்டை மாட்டிவிடுகிறது, உடனே இரண்டு ஸ்டாட்5கள் ஜோடி சேர்ந்து கழன்று நேராக உட்கருவுக்குள் போய் டிஎன்ஏவில் உட்கார்ந்துவிடுகின்றன. எல்லாமே சில நிமிடங்களில். வேறு பாதைகளில் பத்துப் பேர் கைமாற்றுகிற செய்தியை இங்கே ஒரே ஆள் வாங்கி ஒரே ஆளிடம் கொடுக்கிறார், அதுதான் இந்தப் பாதையின் அழகு என்று எனக்குத் தோன்றும். ஸ்டாட்5 எழுப்பும் மரபணுக்களில் 'சாகாதே' என்று செல்லுக்குச் சொல்லும் பிசிஎல்-எக்ஸ்எல் ஒன்று. எரித்ரோபொயட்டின் கிடைக்காத இளம் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், கிடைத்தது பிழைத்துச் சிவப்பணுவாகும். இன்னொன்று சாக்ஸ் என்ற புரதத்தின் மரபணு. அந்தப் புரதம் திரும்பி வந்து ஜாக்2வையே அடக்குகிறது. கிளப்பிவிட்ட செய்தியே தன் முடிவையும் கையோடு கொண்டுவருகிறது.

ஜாக்2 இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று 1998இல் எலிகளில் பார்த்தார்கள். கருவிலேயே, 12 நாள் வாக்கில், சிவப்பணு உண்டாகாமல் இறந்துபோயின. தேர்வில் எழுத அந்த ஒரு வரி போதும், மாற்று ஏற்பாடே இல்லாத மரபணு என்று.

ஒரே ஒரு எழுத்து மாறியதற்கு இவ்வளவு பெரிய விளைவா? நம்ப முடியவில்லை.

எந்த இடத்தில் மாறியது என்பதில் இருக்கிறது விஷயம். மரபணுவில் புரதத்துக்கான பகுதியின் 1849ஆவது எழுத்தான ஜி, டி ஆக மாறுகிறது. அதனால் புரதத்தின் 617ஆவது இடத்தில் வேலின் இருக்க வேண்டியதற்குப் பதில் பீனைல் அலனின் வருகிறது. வி617எஃப் என்பது இதைத்தான் சொல்கிறது, வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

ஜாக்2வில் கைனேஸ் போலத் தோற்றமளிக்கும் பகுதிகள் அடுத்தடுத்து இரண்டு உண்டு. கடைசியில் இருப்பது உண்மையான கைனேஸ், பாஸ்பேட் மாட்டும் வேலை அதனுடையது. அதற்கு முன்னால் இருப்பது போலி கைனேஸ். பார்க்க அதே மாதிரி, ஆனால் வேலை ஏறக்குறைய பூஜ்யம். வேலை செய்யாத ஒன்று எதற்கு அங்கே என்று நீண்ட காலம் புரியாமல் இருந்தது. அது பிரேக் என்பது பிறகுதான் தெரிந்தது. ஹார்மோன் வராத நேரத்தில் உண்மைக் கைனேஸைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். 617 இருப்பது சரியாக அந்த பிரேக்கில். உடம்பு பெரிதான பீனைல் அலனின் அங்கே வந்து நின்றதும் பிடி தளர்கிறது, போதாததற்குப் பக்கத்து ஜாக்2வின் போலிப் பகுதியோடு அது கூடுதலாக ஒட்டிக்கொள்கிறது. 2022இல் இதே குடும்பத்தின் ஜாக்1 புரதத்தை, இதற்கு இணையான மாற்றத்தோடு, குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முழுதாகப் பார்த்தபோது அந்த ஒட்டுதல் கண்ணுக்கே தெரிந்தது. ஆக ஹார்மோன் வராமலே இரண்டு ஜாக்2களும் ஜோடி சேர்ந்துவிடுகின்றன.

இதற்கு ஓர் அழகான முன்கதை உண்டு. மரபணு எது என்றே தெரியாத 1974இல், இந்த நோயாளிகளின் மஜ்ஜைச் செல்களை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்தவர்கள் எரித்ரோபொயட்டின் சேர்க்காமலே அவை சிவப்பணுக் கூட்டங்களாக வளர்வதைப் பார்த்தார்கள். சாதாரண மனிதரின் செல் அப்படி வளராது. ஏன் என்பதற்கு 31 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2005இல் பிரான்ஸ், பிரிட்டன், சுவிட்சர்லாந்து, அமெரிக்கா என நான்கு குழுக்கள் தனித்தனியாக, சில மாத இடைவெளியில், இதே ஒரே எழுத்துக்கு வந்து சேர்ந்தன. முதல் கேள்வி அனுப்பியவரும் இதைக் கவனிக்கலாம். உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் எரித்ரோபொயட்டின் அளவு குறைவாக இருக்கும், பாருங்கள். 'இவ்வளவு ரத்தம் இருக்கிறதே, போதும்' என்று சிறுநீரகம் சரியாகத்தான் நிறுத்தியிருக்கிறது. மஜ்ஜை கேட்கவில்லை, அவ்வளவுதான். நுரையீரல் நோயாலோ புகைப்பழக்கத்தாலோ ரத்தம் கூடியிருந்தால் அந்த அளவு பெரும்பாலும் குறைந்திருக்காது, டாக்டர்கள் பிரித்துப் பார்க்கப் பயன்படுத்துவதில் இதுவும் ஒன்று.

என் ரிப்போர்ட்டில் 'அல்லீல் பர்டன் 22%' என்று இருக்கிறது. எனக்குப் பிளேட்லெட் மட்டும்தான் அதிகம். இதே ஜாக்2 இன்னொருவருக்கு வேறு நோயைத் தருகிறது என்கிறார்கள். எப்படி?

முதலில் 22. ரத்தத்தில் இருக்கும் ஜாக்2 மரபணுப் பிரதிகளை எல்லாம் எண்ணினால் நூற்றில் 22 மாறிப்போனவை என்று பொருள். ஒரு செல்லில் இரண்டு பிரதி, அதில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் நூற்றில் 44 செல்கள் அந்த மாறிய குடும்பத்தைச் சேர்ந்தவை. எண் 50ஐத் தாண்டினால், சில செல்களில் இரண்டு பிரதியுமே மாறிவிட்டன என்று அர்த்தம். பிரிந்து பெருகும்போது குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் அப்படி ஆகும்.

இப்போது நோய்க்கு வருவோம். பாலிசைத்தீமியா வேரா உள்ளவர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் பேரிடம் இந்த மாற்றம் இருக்கிறது. பிளேட்லெட் கூடும் எசென்ஷியல் த்ராம்போசைத்தீமியாவிலும், மஜ்ஜை தழும்பாகிப்போகும் மைலோஃபைப்ரோசிஸிலும் பாதிக்குச் சற்று மேல். மற்றவர்களில் பலருக்கு கேல்ரெட்டிகுலின் மரபணுவிலோ எம்பிஎல் மரபணுவிலோ மாற்றம் இருக்கும். எம்பிஎல் என்பது பிளேட்லெட்டுக்கான ஹார்மோனை வாங்கும் ஏற்பி, கேல்ரெட்டிகுலின் கெட்டுப்போனாலும் அதையேதான் போய்க் கிளப்பிவிடுகிறது, அந்த ஏற்பியின் வாலில் உட்கார்ந்திருப்பதும் யார் என்று நினைக்கிறீர்கள், இதே ஜாக்2தான். எந்த வாசலில் நுழைந்தாலும் இவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒரே மாற்றம் ஒருவருக்குச் சிவப்பணுவைக் கூட்டுவதும் இன்னொருவருக்குப் பிளேட்லெட்டைக் கூட்டுவதும் ஏன் என்பதில் அளவுக்குப் பெரிய பங்கு. செய்தி கொஞ்சமாகக் கசிந்தால் பிளேட்லெட், இரண்டு பிரதியும் மாறிப் பலமாகப் பாய்ந்தால் சிவப்பணு என்பது பொதுவான போக்கு. கூடவே வயது, பாலினம், உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு, வேறு மரபணுக்களில் என்ன மாற்றம், எது முதலில் வந்தது, இதெல்லாம் சேரும். 22ஐ வைத்து நீங்களாகவே எதிர்காலத்தைக் கணிக்க உட்காராதீர்கள். அந்த எண் காலப்போக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதற்குத்தான் மதிப்பு அதிகம்.

முழு ஆரோக்கியமாக இருக்கிறேன். முன்னெச்சரிக்கையாக ஜாக்2 டெஸ்ட் செய்துகொள்ளலாமா?

வேண்டாம். நுட்பமான கருவியில் தேடினால், ரத்த அளவுகள் எல்லாம் சரியாக இருக்கும் மனிதர்களிடமும், குறிப்பாக வயதானவர்களிடம், இது சிறு அளவில் தென்படுகிறது. அவர்களில் பலருக்கு நோய் வராது. மாறிய செல் பெருகி எண்ணிக்கையில் தெரிய வருவதற்கே பல பத்தாண்டுகள் பிடிக்கும். நோயாளிகளின் மூலச்செல்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திப் பின்னோக்கிக் கணக்கிட்டதில், சிலருக்கு அந்த எழுத்து மாறியது குழந்தைப் பருவத்தில், ஏன், தாயின் வயிற்றில் இருக்கும்போதே என்று 2022இல் வெளியிட்டார்கள். ரத்த எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஜாக்2வைத் தடுக்கும் மருந்து இருக்கிறதாமே. ஜாக்2 இல்லாமல் எலியே பிறக்கவில்லை என்றால் மருந்து சாப்பிடுபவர் கதி?

நல்ல கேள்வி, மருந்துக் கம்பெனிகளின் விளம்பரம் தாண்டிப்போகிற இடமும் இதுதான். ருக்ஸோலிடினிப் 2011 நவம்பரில் அமெரிக்காவில் மைலோஃபைப்ரோசிஸுக்கு அனுமதி பெற்றது, 2014இல் பாலிசைத்தீமியா வேராவுக்கும். அது போய் உட்காரும் இடம் உண்மைக் கைனேஸில் ஏடிபி நுழையும் பள்ளம். கோளாறு இருப்பதோ போலிப் பகுதியில். ஆகவே மாறிய ஜாக்2, மாறாத ஜாக்2 என்று அதற்கு வித்தியாசம் தெரியாது, இரண்டையும் தடுக்கும், போதாததற்கு ஜாக்1ஐயும். நீங்கள் பயப்படும் விளைவு நடக்கத்தான் செய்கிறது. ரத்தசோகை வருகிறது, பிளேட்லெட் குறைகிறது, அக்கி போன்ற தொற்றுகள் எளிதாக வருகின்றன. முழுவதுமாக அணைக்காமல் பாதி குறைப்பதால்தான் ஆள் தாங்குகிறார். டாக்டர் அடிக்கடி ரத்த எண்ணிக்கை பார்த்து அளவை மாற்றிக்கொண்டே இருப்பது இதற்காக.

பதிலுக்குக் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. வயிற்றை அடைத்துக்கொண்டிருக்கும் மண்ணீரல் சுருங்கும், இரவில் வியர்த்துக் கொட்டுவதும் அரிப்பும் எடை இறங்குவதும் குறையும். மாறிய செல்களை அது வேரோடு அழிப்பதில்லை, பெரும்பாலானவர்களுக்கு. அந்த வகையில் இன்டர்ஃபெரான் என்ற இன்னொரு மருந்து ஒரு படி மேல், மெதுவாக வேலை செய்தாலும் அல்லீல் பர்டனைச் சிலருக்கு நன்றாகவே இறக்குகிறது. அப்புறம் ஒன்று, ருக்ஸோலிடினிப்பைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. சில நாட்களிலேயே அறிகுறிகள் திரும்பி வந்து ஆளைக் கீழே தள்ளிவிடும். மாத்திரை தீர்வதற்கு முன்பே அடுத்த அட்டை கையில் இருக்கட்டும்.

அம்மாவுக்கு முடக்குவாதத்துக்கு டோஃபாசிடினிப் கொடுக்கிறார்கள். அவருக்கும் ஜாக்2 மாற்றமா?

இல்லை. ஜாக் குடும்பத்தில் நான்கு பேர், ஜாக்1, ஜாக்2, ஜாக்3, டைக்2. டோஃபாசிடினிப் முக்கியமாக ஜாக்1, ஜாக்3 இரண்டையும் குறிவைத்து அழற்சிச் செய்தியைக் குறைக்கிறது. அம்மாவின் மரபணுவில் கோளாறு இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை.

ரத்தம் அதிகம் என்றால் ஆக்ஸிஜனும் அதிகம் தானே? ஓட்டப்பந்தய வீரருக்கு இந்த நோய் லாபம் இல்லையா? (கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.)

நிஜமாகவே பதில் இருக்கிறது. பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மாண்டிராண்டா 1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கினார். அவர் ஹீமோகுளோபின் 20ஐத் தாண்டி நின்றது, ஊக்கமருந்து என்ற சந்தேகம் வெகுகாலம் அவரை விடவில்லை. 1993இல் அவர் குடும்பத்தை ஆராய்ந்தபோது விடை கிடைத்தது. எரித்ரோபொயட்டின் ஏற்பியின் வால் அவர்களுக்குப் பிறவியிலேயே குட்டை. வெட்டுப்பட்டது வாலில் எந்தப் பகுதி என்றால், பாஸ்பேட்டைக் கழற்றி ஜாக்2வை அணைக்க வரும் பாஸ்பட்டேஸ் என்ற நொதி வந்து உட்காரும் பகுதி. ஜாக்2 ஒழுங்காக இருந்தது, அணைப்பவருக்கு உட்கார இடம் இல்லாமல் போனது.

ஆனால் உங்கள் கேள்விக்கு விடை 'லாபம் இல்லை'தான். அந்தக் குடும்பத்தில் கோளாறு ஒரே ஒரு ஏற்பியில், ஆகவே சிவப்பணு மட்டும் கூடியது, அதுவும் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டு. பாலிசைத்தீமியா வேராவில் கோளாறு ஜாக்2விலேயே. அது பிளேட்லெட் ஏற்பியிலும் வெள்ளையணு ஏற்பியிலும் இருப்பதால் எல்லாமே கூடுகிறது, ரத்தம் உறைகிறது. பந்தயத்துக்கு முன்னால் கால் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும்.

உணவால் இந்த மரபணு மாற்றத்தைச் சரிசெய்யலாம் என்று ஒரு வீடியோ பார்த்தேன்.

முடியாது. அந்த வீடியோவை மற்றவர்களுக்கு அனுப்பாமல் இருங்கள்.

எனக்குப் பாலிசைத்தீமியா. ரத்தம் எடுத்து எடுத்து, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தரைமட்டத்துக்கு வந்துவிட்டது, சோர்வாக இருக்கிறது. உறவினர் ஒருவர் இரும்புச்சத்து மாத்திரை வாங்கித் தந்திருக்கிறார். போடலாமா?

நீங்களாகப் போடாதீர்கள். ரத்தம் எடுப்பது இரண்டு வழியில் வேலை செய்கிறது. எடுத்த அன்று அளவு குறைகிறது, அது முதல் வழி. இரண்டாவது, எடுத்த ஒவ்வொரு முறையும் இரும்பும் வெளியே போகிறது. ஜாக்2 'செய், செய்' என்று விரட்டிக்கொண்டே இருந்தாலும் இரும்பு இல்லாமல் ஹீமோகுளோபின் உண்டாகாது, மஜ்ஜை வேகம் குறைந்து நிற்கிறது. இப்போது மாத்திரையைக் கொடுத்தால் சில வாரங்களில் ஹீமடோகிரிட் ஏறி, மறுபடி அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டி வரும், நடுவில் உறைவு ஆபத்து வேறு. அதற்காகச் சோர்வைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. சோர்வு, முடி கொட்டுவது, கால் சும்மா இருக்க முடியாமல் தவிப்பது எல்லாவற்றையும் ரத்தநோய் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தம் எடுப்பதைக் குறைத்து ஹைட்ராக்ஸியூரியாவோ இன்டர்ஃபெரானோ ருக்ஸோலிடினிப்போ தொடங்க அது போதுமான காரணம். இரும்பு தர வேண்டும் என்றே அவர் முடிவு செய்தாலும் வாரக்கணக்கில் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டுதான் தருவார்.